பெரட்டு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. விடியற்காலை ஐந்து மணி இருக்கும். ஜாசினில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். யாரும் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்துச் சர்வர்களில் ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது. கறுப்புத் திரையில் பெயர்கள் வரிவரியாக ஓடின. ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பச்சையில் 'ஓகே' என்றோ மஞ்சளில் 'சேஞ்ட்' என்றோ விழுந்தது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சிவப்பில் 'அன்ரீச்சபிள்'.

பாட்டி கோப்பியோடு வந்து பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"என்னா பாப்பா, பெரட்டு எடுக்கிறியா?"

சிரித்துவிட்டேன். ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் என்ன செய்கிறேன் என்பதை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. அம்மாவைக் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பார். அப்பா "ஏதோ ரிப்பேர்" என்பார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்.

"ஆமா பாட்டி."

"வராத ஆளு யாரு?"

"மலாக்கா ஏழு."

"ஒடம்பு சொகமில்லாம இருக்கும். ஆள் அனுப்பிப் பாரு."

உண்மையில் அடுத்து நான் செய்ய வேண்டியதும் அதுதான்.

தோட்டம் பார்க்காத நண்பர்களுக்கு: பெரட்டு என்பது ஆங்கிலப் 'பரேட்' எங்கள் வாயில் புகுந்து உருமாறிய சொல். இருட்டு விலகும் முன்பே ஆட்கள் ஆபீஸ் முன்னால் கூட வேண்டும். தண்டல் பெயர் வாசிப்பார். வந்தவருக்கு செக்ரோலில் ஒரு கோடு. பிறகு யார் எந்த நிரைக்கு, யார் வெளிக்காட்டுக்கு, யார் மருந்தடிக்க என்று பிரித்துவிடுவார்கள். ஜாசினுக்கும் கெமண்டோருக்கும் இடையில் இருந்த ஒரு தோட்டத்தில் என் தாத்தா அப்படிப் பெயர் வாசித்த தண்டல். பாட்டி அந்த வரிசையில் நின்ற பால்மரத் தொழிலாளி. இன்று அந்த இடத்தில் ரப்பர் கிடையாது. முழுக்கச் செம்பனை. எங்கள் குடும்பம் பெம்பான் பக்கம் ஒரு தாமானுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்திடம் ஐந்து சர்வர் இருந்தால் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றலாம். நூற்றைம்பது இருந்தால் முடியாது. ஒன்றில் மறந்துவிடுவோம், இன்னொன்றில் தப்பாக அடித்துவிடுவோம். ஆறு மாதத்தில் ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். இந்தத் தலைவலிக்கு 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் எழுதிய சிஎஃப்என்ஜின் ஒரு வழி காட்டியது. 'இதைச் செய், அதைச் செய்' என்று கட்டளை கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பது. ஏற்கெனவே அப்படி இருந்தால் கருவி அதைத் தொடாது. இல்லையென்றால் அந்த நிலைக்குக் கொண்டுவரும். 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் ஆன்சிபிள் என்று அதே எண்ணம் வெவ்வேறு உருவத்தில் வந்தது. நான் பயன்படுத்துவது ஆன்சிபிள்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கிறது. உர்சுலா லெ குவின் 1966இல் வெளியான 'ரோக்கனான்ஸ் வேர்ல்ட்' நாவலில் உருவாக்கிய சொல் அது. நட்சத்திரங்களுக்கு இடையே நொடி தாமதமில்லாமல் பேச உதவும் கற்பனைக் கருவி. 'பதில் சொல்லக்கூடிய' என்று பொருள்படும் 'ஆன்சரபிள்' என்ற சொல்லைக் குறுக்கியே அவர் இதைச் செய்தார் என்பார்கள்.

ஆன்சிபிளின் அடிப்படை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. இன்வென்டரி என்பார்கள். பாட்டி மொழியில் செக்ரோல். சதுர அடைப்புக்குள் குழுவின் பெயர், அதற்குக் கீழே அந்தக் குழுவைச் சேர்ந்த சர்வர்களின் பெயர். அவ்வளவுதான். கட்டளையைக் குழுவுக்கு ஒருமுறை எழுதினால் போதும், கீழே உள்ள எல்லாருக்கும் போய்ச் சேரும். ஒரு குழுவுக்குள் இன்னொரு குழுவை வைக்கலாம். ஒரே சர்வர் பல குழுக்களில் இருக்கலாம்.

எப்படிப் பிரிப்பது? இதற்கு அதன் கையேடு மூன்று கேள்விகளைத் தருகிறது: என்ன, எங்கே, எப்போது. என்ன வேலை செய்கிற சர்வர், தரவுத்தளமா இணையதளமா? எந்த ஊரில், எந்த மையத்தில் இருக்கிறது? எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் சோதனையில் உள்ளதா, மக்கள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதா?

இதை முதன்முதலில் படித்தபோது எங்கேயோ பார்த்த ஞாபகம். தாத்தாவின் சிறிய நோட்டுப் புத்தகம் இன்னமும் எங்கள் பீரோவில் இருக்கிறது. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் கைச்செக்ரோல். அதில் தோட்டம் இதே மூன்று கேள்விகளால்தான் பிரிந்திருக்கிறது. என்ன கன்று: ஆர்.ஆர்.ஐ.எம். 600ஆ, வேறு ஒட்டா. எங்கே: எந்த டிவிஷன். எப்போது: எந்த வருஷம் நட்டது. தோட்டங்களில் காட்டுக்குப் பெயரே நட்ட வருஷம்தான். "68ஆம் காட்டுல வெட்டு" என்றால் 1968இல் நட்ட மரங்கள். மரத்தின் வயதை வைத்துத்தான் எப்போது வெட்டத் தொடங்குவது, எப்போது பட்டையை மாற்றுவது, எப்போது சாய்ப்பது என்று எல்லாமே முடிவாகும். ஆளுக்கு ஆள் நிரை உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு என்பதால் அதற்கும் இரண்டு பிரிவு. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரு துரை பங்களாவில் உட்கார்ந்துகொண்டு நடத்த முடிந்தது இந்தப் பிரிவுகளால்தான்.

அதனால் நான் தோட்டத்தை நினைத்து உருகப் போவதில்லை. பிரிவு என்பது நடத்துபவரின் வசதி. கங்காணி காலத்தில் அவர் கூட்டி வந்த ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்குக் கணக்குப் பார்த்து அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவியோடு மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும் வரைக்கும் எங்கள் முன்னோர்கள் பலர் அப்படி யாரோ ஒருவரின் கணக்கில் ஒரு தலையாகத்தான் வந்தார்கள். தாத்தாவைப் பற்றிக் கேட்டால் பாட்டி தயங்காமல் சொல்வார்:

"நல்ல மனுசந்தான். ஆனா பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் லேட்டா போனா என் பேரையும் வெட்டிருவாரு. அன்னிக்கு சம்பளம் கெடையாது. வீட்டுக்கு வந்து ரசம் கேப்பாரு."

எங்கள் தொழிலில் ஒரு பிரபலமான பேச்சு உண்டு. சர்வரைச் செல்லப்பிராணியாக வளர்க்காதே, மாட்டு மந்தையாக நடத்து. மைக்ரோசாஃப்டில் இருந்த பில் பேக்கர் சொன்னது, ராண்டி பயஸ் உலகமெல்லாம் பரப்பியது. செல்லப்பிராணிக்குப் பெயர் வைப்போம், நோய் வந்தால் மருத்துவம் பார்ப்போம். மந்தையில் உள்ளதற்கு எண் மட்டும்தான், ஒன்று போனால் இன்னொன்று. வேலையில் சேர்ந்த முதல் வாரம் சீனியர் ஒருவர் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் மனசுக்குள் ஒரு சந்தேகம். எங்கள் லயத்தின் பின்னால் பாட்டி நாலு மாடு வைத்திருந்தார். லட்சுமி, கறுப்பி, வெள்ளச்சி, அப்புறம் காது கிழிந்த ஒன்று, அதன் பெயர் 'அரைக்காது'. எந்த மாடு எந்தப் புல்லைத் தின்னாது, எது இடி இடித்தால் கயிற்றை அறுக்கும் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். மாடு என்றாலே பெயரில்லாதது என்று நினைப்பவர் மாடு வளர்த்தவராக இருக்க முடியாது.

இருந்தாலும் வேலையில் மந்தை முறைதான் சரி என்று நம்பினேன். மூன்று வருஷத்துக்கு முன் அது என்னைப் புரட்டிப் போட்டது.

அப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். பல தொழிற்சாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் நடத்தும் நிறுவனம். தொழிலாளி கட்டைவிரலை வைத்தால் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், ஓவர்டைம் எல்லாம் சர்வரில் பதிவாகும். அதில் ஒரு சர்வர் முதலில் சோதனைக்காக அமைக்கப்பட்டது. பிறகு அவசரத்தில் அதையே ஒரு தொழிற்சாலைக்கு உண்மையான பயன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்வென்டரியில் அதன் பெயரை 'புரொட்' என்ற பயன்பாட்டுக் குழுவில் சேர்த்தது நான்தான். 'டெஸ்ட்' என்ற சோதனைக் குழுவிலிருந்து எடுக்க மறந்ததும் நான்தான்.

ஒரே சர்வர் இரண்டு குழுவில். கருவி அதைத் தப்பென்று சொல்லாது. அதன் விதி என்னவென்றால், ஒரே மட்டத்தில் உள்ள இரண்டு குழுக்கள் ஒரே அமைப்புக்கு வேறுவேறு மதிப்பு சொன்னால், ஆங்கில அகரவரிசையில் பின்னால் வரும் குழு ஜெயிக்கும். 'பி'க்குப் பிறகுதானே 'டி'. புரொட் குழு 'தினமும் பேக்கப் எடு' என்றது. டெஸ்ட் குழு 'பேக்கப் வேண்டாம்' என்றது. நாலு மாதம் அந்தச் சர்வர் பேக்கப் இல்லாமல் ஓடியது. எல்லாம் பச்சையில் 'ஓகே'.

ஒரு நாள் சோதனைச் சர்வர்களைச் சுத்தம் செய்ய உத்தரவு போட்டேன். குழுவின் பெயரைத் தட்டினேன், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நாற்பது வினாடி. அந்தத் தொழிற்சாலையின் பதிவு முழுவதும் போனது. பழைய மாதங்களின் கணக்கு சம்பளப் பிரிவில் அச்சாகி இருந்ததால் தப்பியது. நடப்பு மாதத்தின் பத்தொன்பது நாள் எங்கேயும் இல்லை.

எண்பது பேர் போல இருப்பார்கள். பெரும்பாலும் நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். அந்த மாத ஓவர்டைம் சூப்பர்வைசர்களின் ஞாபகத்தையும் துண்டுக் காகிதங்களையும் வைத்துத் தோராயமாகப் போடப்பட்டது. தோராயம் என்றால் யாருக்குக் குறையும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் தினமும் வேலை முடித்த நேரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அவருக்கு மட்டும் முழுசாகக் கிடைத்தது.

என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. 'மனிதத் தவறு' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். நான் ஒரு வாரம் ஜாசினுக்கு வந்து படுத்திருந்தேன். பாட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி:

"பழைய பேர அடிக்காம புதுசுல எழுதிட்டியா?"

"ஆமா."

"அப்போ எந்தப் பேருக்கு ஓடும் அது?"

அந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. எனக்குத்தான் புரிய நேரமானது.

பாட்டி பிறந்தது ஜப்பான்காரன் காலத்தில், இதே ஜாசினில், தோட்டத்து லயத்தில். பிறந்த சூரா கிடையாது. அந்தக் காலத்தில் யார் போய்ப் பதிவது? 1957இல் சுதந்திரம் வந்தபோது தாத்தா தன் காகிதங்களைக் கொடுத்துக் குடியுரிமை வாங்கிக்கொண்டார். பாட்டிக்கு அவர் எழுதிப் போடவில்லை. "தோட்டம் இருக்கு, நான் இருக்கேன், ஒனக்கு எதுக்கு" என்றாராம். அதனால் பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி. குடிமகள் இல்லை.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை. பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப்பாட்டி, கணவரோடு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனார். தான் பார்த்தே இராத ஊருக்கு அவர் 'திரும்பி'ப் போனார். பாட்டி பெர்மிட் எடுத்துக்கொண்டு, அதே தோட்டத்தில், அதே நிரையில், தான் பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவராக மரம் வெட்டினார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் எல்லாமே மாறியது. ரப்பர் செம்பனை ஆனது, லயம் தாமான் ஆனது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீல அட்டையோடு பிறந்தார்கள். ஒரு பட்டியலில் மட்டும் அவர் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது. தேர்தல் அன்று நாங்கள் விரலில் மை வைத்துக்கொண்டு வரும்போது அவர் வாசலில் உட்கார்ந்து "கூட்டமா?" என்று கேட்பார்.

நான் செய்த தப்பும் இந்த வகைதான். குழு பிரித்ததில் பிழை இல்லை. பிரிக்காமல் நூற்றைம்பது சர்வரையும் நடத்த முடியாது, ஒரு நாட்டையும் நடத்த முடியாது. மூன்று கேள்விகளில் 'என்ன'வும் 'எங்கே'யும் சீக்கிரம் மாறுவதில்லை. 'எப்போது' மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும். சோதனைச் சர்வர் ஒரு நாள் எண்பது பேரின் சம்பளத்தைச் சுமக்க ஆரம்பிக்கும். பட்டியலோ எழுதிய நாளோடு நின்றுவிடும். அதை மறுபடியும் திறந்து பார்ப்பது யார் வேலை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆன்சிபிளில் எந்தக் குழுவிலும் சேர்க்காத சர்வர்களுக்கென்றே 'அன்குரூப்ட்' என்று ஒரு குழு தானாக உருவாகும். விடுபட்டவர்கள் யார் என்று கேட்டால் அது சொல்லிவிடும். தவறான குழுவில் மாட்டிக்கொண்டவர் யார் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அதை ஓர் ஆள்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இப்போது எனக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்டளையையும் ஓட விடுவதற்கு முன், 'யார் யார்' என்று மட்டும் கேட்கும் ஒரு வசதி ஆன்சிபிளில் உண்டு, அதைப் போடுவேன். எதையும் மாற்றாது, பெயர்களை மட்டும் காட்டும். அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பேன். சக ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள், மந்திரம் ஓதுகிறாள் என்பார்கள். சந்தேகமாக ஒரு பெயர் வந்தால் நிறுத்துவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் உட்கார்ந்து பார்ப்பேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்கும். இந்த வேலைக்கு எந்தக் கருவியும் இல்லை. பெயரை வெட்டிய தாத்தாகூட நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினார் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.

பாட்டியின் குடியுரிமைக்கு இதுவரை இரண்டு முறை எழுதிப் போட்டோம். முதல் முறை மலாய் போதவில்லை என்று திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டு மக்சிக்கோடு நாள் முழுக்க மலாயில் வாயாடும் பாட்டி, கவுண்டரில் அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டார். இரண்டாவது முறை, இங்கேதான் பிறந்தார் என்பதற்குச் சாட்சி கேட்டார்கள். தோட்டத்துப் பழைய கிராணி சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார், காகிதம் தயாராகும் முன் இறந்துவிட்டார். தோட்டம் கைமாறிக் கைமாறிப் போனதில் ஆபீஸ் செக்ரோல்கள் என்ன ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை.

மிஞ்சியிருப்பது தாத்தாவின் நோட்டுதான். எண்ணெய்க் கறை, ஒட்டுப்பால் நாற்றம், பென்சில் எழுத்து. அதில் ஒரு பக்கத்தில் பாட்டியின் பெயர், அவர் நிரை, ஒரு மாதம் முழுக்கக் கோடுகள். இரண்டு நாளுக்கு மட்டும் வட்டம். தாத்தா வெட்டிய நாட்கள்.

இது சட்டப்படி செல்லுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டேன். பிறந்ததற்கு ஆதாரம் ஆகாது என்றார். வேண்டுமானால் இணைத்துப் பாருங்கள், இத்தனை காலம் இங்கே இருந்ததற்காவது உதவும் என்றார். மூன்றாவது விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மலாக்கா ஏழுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தோம். மின்கம்பி கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஏழரைக்கு வேலை முடிந்தது. பாட்டி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயர் எந்த வரி என்று தெரியும்.

"இந்த ரெண்டு வட்டத்தையும் அவன் பாத்தா, வேலைக்கு வராதவன்னு நெனைச்சுக்க மாட்டானா?"

"நீங்க வந்தீங்களா பாட்டி?"

"வந்தேன் பாப்பா. லேட்டா வந்தேன்."